கோவையில் வேலை நிலைத்த பிறகு வீட்டுச் சாமான் லாரியில் ஏறட்டும்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கமிருந்து குடும்பத்தோடு கோவைக்குப் போக நினைக்கும் ஃபிட்டர், டர்னர், சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) ஆபரேட்டர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலை கிடைத்த கையோடு பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், மூன்றாம் மாதம் வேலையும் இல்லாமல் அட்வான்ஸும் மாட்டிக்கொண்டு திரும்புவது பெரிய வேதனை. வேலை கிடைப்பதற்கும் அந்த வேலை நிலைப்பதற்கும் நடுவே சில மாதங்கள் உண்டு. அந்த இடைவெளியை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் வராது.

முதலில் மாதக் கணக்கு. கோவைப் பட்டறைகளில் தீபாவளி போனஸ் வாங்கியதும் ஆள் மாறும். ஊருக்குப் போனவர்களில் சிலர் திரும்பமாட்டார்கள், சிலர் பக்கத்துக் கம்பெனிக்குத் தாவுவார்கள். அதனால் கார்த்திகை, மார்கழியில் கேட்டுகளில் 'ஆட்கள் தேவை' போர்டு கூடுதலாகத் தொங்கும். பள்ளிக்கூடமோ ஜூனில் திறக்கிறது. தீபாவளி கழிந்து தேடி, தை அல்லது மாசியில் வேலைக்குச் சேர்ந்து, மே மாதம் குடும்பத்தைக் கூட்டி வருவதுதான் எனக்குத் தெரிந்து சரியான வரிசை. பிள்ளை பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ இருந்தால் அந்த ஒரு வருஷம் குடும்பம் ஊரிலேயே இருக்கட்டும்.

ஊரில் உட்கார்ந்தபடி செய்ய வேண்டியதும் உண்டு. தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிவது இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில், தனியார் கம்பெனிகளுக்கான முகாம் நடக்கும். அதற்கும் காசு கிடையாது. வேலை வாங்கித் தர முன்பணம் கேட்பவரிடம் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

ஆனால் சின்ன, நடுத்தரப் பட்டறைகளில் நேரில் போய்க் கேட்பவருக்குத்தான் மதிப்பு. ஞாயிறு இரவு பஸ் ஏறினால் திங்கள் காலை சிங்காநல்லூரில் இறங்கலாம். மூன்று நாள் ஒதுக்குங்கள். ஒரு நாள் குறிச்சி சிட்கோ, ஒரு நாள் கணபதி, பீளமேடு, ஒரு நாள் நீலம்பூர், அரசூர் என்று பகுதி பிரித்துக்கொண்டால் அலைச்சல் குறையும். காலை ஒன்பதரைக்கு மேல் போனால் ஷிஃப்ட் ஏற்பாடு முடிந்து சூப்பர்வைசர் பேசக்கூடிய நேரமாக இருக்கும். ஐடிஐ சான்றிதழ், ஆதார், பழைய சம்பளச் சீட்டு, பிஎஃப் யுஏஎன் எண் (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) எல்லாவற்றிலும் ஐந்து ஜெராக்ஸ் போதும். அசலைக் காட்டலாம், கொடுக்கக் கூடாது. 'ஒரிஜினல் எங்ககிட்ட இருக்கட்டும்' என்று கேட்கும் இடத்தில் சேர்ந்தால், வேறு வேலை கிடைக்கும் நாளில் அதைத் திரும்ப வாங்கவே போராட வேண்டியிருக்கும்.

சிஎன்சி வேலைக்குப் பெரும்பாலும் டிரையல் பார்ப்பார்கள். டிராயிங்கை வாசிக்கச் சொல்லி, மைக்ரோமீட்டரில் ஒரு பீஸை அளக்கச் சொல்வார்கள். ஆஃப்செட் (மெஷினில் ஏற்றும் திருத்த அளவு) கொடுத்து அளவைச் சரிக்கட்டத் தெரியுமா என்று பார்ப்பார்கள். ஃபனக் கன்ட்ரோலரில் மட்டும் ஓட்டியிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சீமென்ஸ் மெஷினில் நிறுத்தியபின் தடுமாறுவதைவிட அது மேல். ஆபரேட்டராக எடுக்கிறார்களா, செட்டராக (மெஷினை வேலைக்குத் தயார்செய்து கொடுப்பவராக) எடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். சம்பளம் அங்கேதான் பிரிகிறது.

சம்பளப் பேச்சில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'கையில் எவ்வளவு வரும்?' ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மொத்தச் சம்பளம் 20,000, அதில் பேசிக்கும் டிஏவும் (அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும்) சேர்ந்து 15,000 என்று வைத்துக்கொள்வோம். பிஎஃப் 12 சதவீதம் 1,800 போகும். இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) முக்கால் சதவீதம் 150. கையில் 18,050. இதே வேலையைக் கம்பெனி தன் பங்கான பிஎஃப் (நிர்வாகக் கட்டணம் முதலியவை சேர்த்து) 1,950, இஎஸ்ஐ 650 இரண்டையும் சேர்த்து 'சிடிசி 22,600' (கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று சொல்லலாம். இரண்டும் ஒரே வேலைதான். வீட்டு வாடகையை 22,600-ஐ வைத்து முடிவு செய்தவர் மாதாமாதம் துண்டு விழுந்து நிற்பார். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம். ஒற்றையாகக் கணக்கிடும் இடங்களும் இருக்கின்றன. கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஆனால் ஓவர்டைம் பணத்தை வாடகைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆர்டர் குறையும் மாதத்தில் முதலில் நிற்பது அதுதான்.

நியமனக் கடிதம் யார் பெயரில் வருகிறது என்பதையும் பாருங்கள். கம்பெனி கேட்டுக்குள் வேலை, கடிதம் கான்ட்ராக்டர் பெயரில் என்றால் நிலைப்பு குறைவு. அப்ரென்டிஸ் என்று எடுத்தால் உதவித்தொகை மட்டுமே. பிஎஃப், இஎஸ்ஐ இருக்காது. கல்யாணமாகாத பையனுக்கு அது நல்ல தொடக்கம். குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு போக அது போதாது.

எழுத்தில் கடிதம் வராமல் பழைய வேலையை விடாதீர்கள். விடும்போது, பிஎஃப் கணக்கில் விலகிய தேதியைப் பதியச் சொல்லுங்கள். அது பதியாவிட்டால் பழைய பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றுவது நின்றுபோகும். (கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் கழிந்தால் நீங்களே பதியலாம்.) ஆதாரில் இன்ஷியல் பின்னால், பிஎஃப்பில் முன்னால், சான்றிதழில் அப்பா பெயர் முழுசாக என்று இருப்பது நம் ஊரில் சகஜம். கிளம்புவதற்கு முன்பே பழைய கம்பெனி மூலம் சரிசெய்துகொள்ளுங்கள். இடமாற்றச் செலவுக்காகப் பழைய பிஎஃப்பை எடுத்துவிடாதீர்கள். பென்ஷனுக்கு பத்து வருஷ சர்வீஸ் வேண்டும், பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்தால் அந்த எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

வேலை நிலைத்ததா என்று அறிய நான் நம்பும் சோதனை பிஎஃப் பாஸ்புக். ஒரு மாதச் சந்தாவை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கம்பெனி கட்ட வேண்டும். பிப்ரவரியில் சேர்ந்தால் ஏப்ரல் கடைசிக்குள் இரண்டு மாதப் பதிவு தெரிய வேண்டும். சம்பளத்தில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் பதிவில்லை என்றால், லாரிக்குச் சொல்லாமல் இன்னொரு கம்பெனி தேடுங்கள். இஎஸ்ஐயில் மனைவி, பிள்ளைகள் பெயரை, வேலைக்குச் சேர்ந்த வாரமே ஏற்றிவிடுங்கள். அவர்கள் ஊரில் இருக்கும்வரை அங்கேயே ஒரு டிஸ்பென்சரியைக் குடும்பத்துக்கென்று குறிப்பிட முடியும்.

இனி வீட்டுப் பெண்ணின் வருமானம். தென்காசி, நெல்லைப் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். வீட்டிலிருந்தே சம்பாதிக்கிறார்கள், பலருக்குப் பிஎஃப்பும் உண்டு. கோவைக்குப் போனால் அந்த வருமானம் நிற்கும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆச்சியும் இல்லை. கணவருக்கு மூவாயிரம் கூடுதல் என்று போய், மனைவியின் நாலாயிரத்தை இழந்தால் லாபம் எங்கே? மோட்டார் காயில் சுற்றுவது, அசெம்பிளி, பேக்கிங் வேலைகளில் பெண்களை எடுக்கிறார்கள். எந்த நேர ஷிஃப்ட், பிள்ளைக்கு யார் என்பதை அவரோடு உட்கார்ந்து பேசி முடித்த பிறகு முடிவெடுங்கள்.

வீடு தேடும் வேலையைத் தனியாகத் தங்கியிருக்கும் மாதங்களில் ஞாயிறுதோறும் செய்யலாம். கம்பெனி பஸ் வரும் வழியில் பாருங்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது அதன் அருமை தெரியும். நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம் வரும், சிறுவாணியா வேறு தண்ணியா, உப்புத் தண்ணி போரில் கோடையிலும் ஏறுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்பதோடு பக்கத்து வீட்டு அக்காவிடமும் கேளுங்கள். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அந்தச் சலுகை வீட்டுக்காரரோடு நின்றுவிடும். வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டுத் தமிழக வாடகைச் சட்டம். பேரம் பேச அது உதவும். வாடகை, கையில் வரும் சம்பளத்தில் கால்பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் டிசி வாங்கும்போது கூடவே ஒன்றைக் கேளுங்கள்: 'எமிஸில் காமன் பூலுக்கு விட்டாச்சா?' தாளில் டிசி இருந்தும், பழைய பள்ளி எமிஸ் என்ற அரசின் மாணவர் பதிவுத் தளத்தில் பெயரைப் பொதுப் பட்டியலுக்கு விடுவிக்காவிட்டால் புதுப் பள்ளியால் பெயரை ஏற்ற முடியாது. 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்து போனில் கெஞ்சுவதைவிட, அங்கே நிற்கும்போதே முடிப்பது நல்லது. எட்டாம் வகுப்புவரை டிசி தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.

கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றாதீர்கள். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஊர் ஏஜென்சியில் ஒப்படைத்து மாற்றல் சீட்டு வாங்கினால் பழைய டெபாசிட் திரும்பும். புது ஏஜென்சியில் இன்றைய டெபாசிட் கட்ட வேண்டும். பழைய இணைப்பாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே கணிசமான தொகை விழும், அதற்குத் தனியாக எடுத்துவையுங்கள். சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மூட்டைக்குள் போனால் முதல் வாரம் முழுக்க ஓட்டல் சாப்பாடுதான்.