பரோசாவோட கிழட்டுக் கொடிங்க

அடிலெய்டுல இருந்து ஒரு மணி நேரம் கார்ல போனா பரோசா பள்ளத்தாக்கு வந்துடும், வெயில்னா அப்படி ஒரு வெயில். இங்க ராஜா ஷிராஸ்ங்கற சிவப்பு வைன் திராட்சை தான். ஆனா எனக்கு வைன விட அந்த கொடிங்க மேல தான் ஆசை, 1843ல நட்ட ஷிராஸ் கொடிங்க லாங்மைல் தோட்டத்துல இன்னும் காய்க்குதுங்க! பக்கத்துல நின்னு பாத்தேன், அடிமரம் முறுக்கிக்கிட்டு, பட்டை நார் நாரா உரிஞ்சு, அதுல பச்சைப்பசேல்னு இளந்தளிர், சிலிர்த்துப் போச்சு.

எப்படி தப்பிச்சுதுன்னா, ஃபிலாக்சரான்னு வேர்ல சாறு உறிஞ்சற குட்டிப் பூச்சி 19ம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல முக்காவாசி தோட்டத்த அழிச்சு பக்கத்து மாநிலம் விக்டோரியா வரைக்கும் வந்துடுச்சு, பரோசா இருக்கற தெற்கு ஆஸ்திரேலியாக்குள்ள மட்டும் விடல, அவ்ளோ கறாரா தடுத்து வச்சிருக்காங்க. அதனால போறவங்க தயவுசெஞ்சு கேக்காம கொடி வரிசைக்குள்ள நடக்காதீங்க, செருப்பு மண்ணுல கூட வந்துடும்.

ருசி? கருப்பு பிளம், சாக்லேட், கடைசில லேசா மிளகு. அது கற்பனை இல்ல, மிளகுல இருக்கற ரோட்டண்டோன்ங்கற வாசனைப் பொருள் தான் ஷிராஸ் தோல்லயும் இருக்கு. வெள்ளை வைன் வேணும்னா மேல ஈடன் பள்ளத்தாக்குக்கு ஏறுங்க, அங்க குளிர் ஜாஸ்தி, ரீஸ்லிங்ங்கற வெள்ளை வைன் எலுமிச்சை பிழிஞ்ச மாதிரி சுள்ளுனு இருக்கும்.