வழிக்குறிப்பு எந்த ஆண்டில் எழுதியது?

பாறையேற்றத்துக்கோ பனிமலை ஏற்றத்துக்கோ தகவல் தேடினால் குவியல் குவியலாகக் கிடைக்கிறது. எது யார் கண்ணால் பார்த்து எழுதியது, எந்த ஆண்டில் எழுதியது என்று பிரிப்பதுதான் கடினம். ஒரு வழியைப் பற்றி ஐந்து இடங்களில் சொல் மாறாமல் ஒரே வர்ணனை இருந்தால், அது ஐந்து பேரின் சாட்சியம் ஆகாது. ஒருவர் எழுதியதை நால்வர் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பாறை வழிகளுக்கு மவுண்டன் ப்ராஜெக்ட், தி கிராக் போன்ற தரவுத்தளங்கள் நல்ல தொடக்கம். அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது வழியின் உயரம். ஒற்றைப் பிட்ச் வழியில், அதாவது ஒரே கயிற்று நீளத்தில் முடியும் வழியில், ஏறியவரைக் கீழே இறக்க உயரத்தைப் போல இரண்டு மடங்கு கயிறு வேண்டும்: 30 மீட்டர் வழிக்கு 60, 35 மீட்டருக்கு 70. பழைய குறிப்பில் 28 மீட்டர் என்றிருக்கும். பிறகு யாரோ ஆங்கரை (வழியின் உச்சியில் கயிற்றைத் தாங்கும் பிடிமானத்தை) மேலே நகர்த்தியிருப்பார்கள். கயிறும் பயன்படுத்தப் பயன்படுத்தச் சுருங்கும். தேய்ந்த நுனியை வெட்டியிருந்தால் இன்னும் குறையும். இந்தக் கணக்கு பிசகினால் கயிற்றின் நுனி, கீழே நிற்பவர் கயிற்றைக் கட்டுப்படுத்தும் பிலே கருவியை விட்டு நழுவி, ஏறியவர் தரையில் விழுவார். எந்தக் குறிப்பை நம்பினாலும் கயிற்றின் கடைசியில் ஒரு முடிச்சு போட்டே ஆக வேண்டும்.

கடினத் தர எண்ணைப் படிக்கும்போது அது எந்த அளவுகோல் என்று முதலில் பாருங்கள். பிரெஞ்சு முறையின் 6ஏ, அமெரிக்க முறையில் ஏறக்குறைய 5.10ஏ. சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பின் யுஐஏஏ முறையில் வெறும் 6 என்பது அதைவிட ஒரு படி எளிது. கயிறில்லாமல் தாழ்ந்த பாறைகளில் ஏறும் போல்டரிங்கில் பெரிய எழுத்தில் எழுதும் 6ஏ (6A), கயிற்று ஏற்றத்தின் சிறிய எழுத்து 6ஏ-வைவிட (6a) மிகக் கடினம். அமெரிக்கக் குறிப்புகளில் எண்ணுக்குப் பின்னால் வரும் ஆர், எக்ஸ் என்ற எழுத்துகளைத் தவறவிடக் கூடாது. ஆர் என்றால் விழுந்தால் பலத்த காயம், எக்ஸ் என்றால் உயிரே போகலாம். எண் சிறியதாக இருக்கிறதே என்று போனால் அங்கே கயிற்றை மாட்டும் பாதுகாப்புப் புள்ளிகள் வெகுதூரம் தள்ளி இருக்கும்.

கடலோரப் பாறைகளில் போல்ட் (கயிற்றை மாட்டப் பாறையில் பொருத்தும் உலோக ஆணி) எப்போது அடித்தது, எந்த உலோகம் என்று தெரியாமல் ஏறாதீர்கள். உப்புக்காற்றில் துருப்பிடிக்காத எஃகும் உள்ளுக்குள் விரிசல் விடும். வெளியே பளபளப்பாகவே இருக்கும். அதனால்தான் இத்தகைய இடங்களில் டைட்டானியம் போல்ட் அடிக்கிறார்கள். மாற்றியமைத்த ஆண்டு பெரும்பாலும் அந்தப் பகுதி ஏறுபவர்களின் சங்கத்திடம்தான் கிடைக்கும்.

உயர்மலைகளுக்கு நம்பகமான பழைய பதிவுகள் இருக்கின்றன. அமெரிக்கன் ஆல்பைன் ஜர்னல், ஹிமாலயன் ஜர்னல் இரண்டும் 1929 முதல் வருகின்றன. பழைய இதழ்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். நேபாள இமயமலைப் பயணங்களுக்கு எலிசபெத் ஹாலி தொகுக்கத் தொடங்கிய ஹிமாலயன் டேட்டாபேஸ் இருக்கிறது: எந்த அணி, எந்த வழி, எந்தத் தேதி, எதனால் திரும்பினார்கள் என்பது வரை. பெயரில்லாச் சிகரங்களை உயர எண்ணை வைத்துத் தேடுங்கள், மீட்டரிலும் அடியிலும். பழைய அளவீட்டு எண் இன்றைய எண்ணோடு ஒத்துப்போகாது; பெயரின் எழுத்துக்கூட்டலும் இதழுக்கு இதழ் மாறும்.

ஆனால் பனிப்பாறை பற்றிய வர்ணனை சீக்கிரம் பழசாகிவிடும். முப்பது ஆண்டுக்கு முன் 'எளிய பனிச் சாய்வு' என்று எழுதிய இடத்தில் இன்று வெறும் நீலப்பனியும் (கெட்டிப் பனிக்கட்டியும்) உருளும் கற்களும் இருக்கலாம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை கோபர்னிகஸ் பிரவுசர் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சில நாட்களுக்கு ஒருமுறை புதுப் படம் வரும். போக நினைக்கும் அதே வாரத்தின் படங்களைக் கடந்த மூன்று ஆண்டுகளுக்கு எடுத்து ஒப்பிட்டால் பனிக்கோடு எங்கே நிற்கிறது என்று புரியும். ஒரு புள்ளி 10 மீட்டர் என்பதால் குறுகலான பனிப்பிளவுகள் அதில் தெரியாது. படத்தில் காணவில்லை என்பதற்காகக் கயிற்றில் இணையாமல் நடக்கக் கூடாது.

சரிவின் கோணத்தை வரைபடத்திலேயே அளந்துவிடலாம். 1:25,000 வரைபடத்தில் சம உயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் இருந்தால், இரண்டு கோடுகளுக்கு நடுவே 1.4 மில்லிமீட்டர் என்பது 30 பாகை, 0.8 மில்லிமீட்டர் என்பது 45 பாகை. பனி ஒரு பலகைபோல் பெயர்ந்து சரியும் பலகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிகழ்கின்றன. பனிச்சரிவு அறிக்கையில் 5-க்கு 3 என்று வந்தால் அதை 'நடுத்தரம்' என்று எடுத்துக்கொள்வது பெரிய தவறு. அபாயம் ஒவ்வொரு படியிலும் பன்மடங்காகக் கூடுகிறது. எண்ணோடு நிறுத்தாமல், எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசை நோக்கிய சரிவுகள் என்ற பகுதியைப் படியுங்கள்.

வானிலைக்குப் பள்ளத்தாக்கு ஊரின் முன்னறிவிப்பு போதாது. 1,000 மீட்டர் உயரத்துக்கு வெப்பநிலை சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறையும். காற்றுக்கு, காற்றழுத்தம் 700 ஹெக்டோபாஸ்கல் இருக்கும் படலத்தைப் பார்த்தால் ஏறத்தாழ 3,000 மீட்டர் நிலவரம், 500-ஐப் பார்த்தால் 5,500 மீட்டர்.

கருவிகளுக்கு விற்பவரின் விளக்கத்தைவிடத் தயாரிப்பாளரின் கையேடே மேல். முதலில் ஏறுபவர் கட்டிக்கொள்ளும் கயிற்றில் இஎன் 892 என்ற ஐரோப்பியத் தரக்குறி இருக்க வேண்டும். இஎன் 1891 என்றால் நீட்சி குறைந்த கயிறு; அதில் விழுந்தால் அதிர்ச்சி முழுதும் உடம்புக்கும் ஆங்கருக்கும் போகும். வரிசை எண்ணைக் குறித்துவைத்து, திரும்பப் பெறும் அறிவிப்புகளில் அந்தத் தொகுதி இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றிலும் அதிகம் கற்றுத்தருபவை விபத்து அறிக்கைகள். அமெரிக்கன் ஆல்பைன் கிளப் 1948 முதல் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. பத்து அறிக்கைகளைச் சேர்த்துப் படித்தால் முடிக்காத முடிச்சு, கயிற்றைப் பிடித்து இறங்கும் ராப்பெல்லில் நீளம் சமமில்லாத கயிறுகள், 'இறக்கு' என்றதைத் தவறாகக் கேட்ட கூட்டாளி என்று அதே காரணங்கள் திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

சேர்த்ததை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். குளிரில் போன் அணைந்துவிடும். வழி, திரும்ப வேண்டிய நேரம், மீட்பு எண் ஆகியவற்றின் ஒரு நகல் கீழே இருப்பவரிடம் இருக்கட்டும். ஆல்பைன் அபாயக் குறியையும் அதே தாளில் எழுதுங்கள்: நிமிடத்துக்கு ஆறு முறை விசில் அல்லது வெளிச்சம், ஒரு நிமிட இடைவெளி, மீண்டும் ஆறு. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் உங்களைக் கேட்டுவிட்டார்கள்.