தண்ணியைப் பாரு கண்ணு

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்து லண்டனில் குடியிருந்த எங்கள் அக்கா காலமாகிவிட்டார். ஈரோடு, கோயமுத்தூர், நாமக்கல் பக்கமிருந்து இங்கே புதிதாக வந்து இறங்கிய எத்தனையோ பேருக்கு வாய்க்கு ருசியாக ஒரு வேளைச் சோறு அமைந்தது அவர் சொல்லிக் கொடுத்துத்தான். "ஊருல நல்லா வந்துச்சுங்கக்கா, இங்கெ வரமாட்டீங்குது" என்று யார் போனில் புலம்பினாலும் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல மாட்டார். "மொதல்ல தண்ணியைப் பாரு கண்ணு, அப்பறம் அடுப்பைப் பாரு" என்பார். இனி வருகிறவர்களுக்கு அந்தக் குரல் கிடைக்காது. அதனால் அவர் சொன்ன பக்குவத்தையாவது எழுதி வைக்கிறோம்.

லண்டன் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புப் பாறை நிலத்திலிருந்து வருவது. கெட்டில் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். அதிலுள்ள கால்சியம் பருப்பிலிருக்கும் பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடும். சிறுவாணித் தண்ணீரில் மூன்று விசிலுக்குக் குழைந்த துவரம்பருப்பு இங்கே ஐந்து விசிலுக்கும் முழுசாக நிற்பது இதனால்தான். சுண்ணாம்பைக் குறைக்கும் வடிகட்டி ஜக்கில் ஊற்றிய தண்ணீரில் பருப்பை ஊறவைத்து, அதே மாதிரித் தண்ணீரிலேயே வேகவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஜக் இல்லாதவர்கள் ஒரு கப் பருப்புக்கு அரைக்கால் டீஸ்பூன் சமையல் சோடா போடலாம். அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும். கிளாஸ்கோவிலிருந்து கேட்டவர்களுக்கு மட்டும் சோடாவே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அங்கே வருவது லாக் கேட்ரின் ஏரித் தண்ணீர். அதில் சுண்ணாம்பு மிகக் குறைவு.

அரிசிம்பருப்பு சாப்பாட்டுக்கு அவர் கணக்கு: பொன்னி புழுங்கலரிசி ஒரு கப், துவரம்பருப்பு கால் கப், தண்ணீர் மூன்றரை கப். சின்ன வெங்காயம் பன்னிரண்டு, பூண்டு ஆறு பல், வரமிளகாய் மூன்று, சீரகம், மிளகு, கறிவேப்பிலை, அரை டீஸ்பூன் மஞ்சள்தூள். அரிசியையும் பருப்பையும் அரை மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். தக்காளி பாதி போதும். புளிப்பு கூடினாலும் பருப்பு வேகாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு தக்காளியை நறுக்கிப் போட்டுவிட்டுக் குக்கரைத் திட்டுவார்கள்.

கொள்ளுக்கும் இதே நியாயம்தான். இங்கே கடைகளில் கிடைக்கும் கொள்ளு பல நேரம் பழசாக இருக்கும். பழங்கொள்ளு எவ்வளவு வெந்தாலும் நறுக்கென்றே கிடக்கும். பாக்கெட்டின் தேதியைப் பார்த்து வாங்கி, கல் பொறுக்கி, ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டும். ஒரு கப்புக்கு நாலு கப் தண்ணீர், எட்டு விசில். தண்ணீரை வடித்து ரசத்துக்கு வைத்துக்கொண்டு, வதக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், கொத்தமல்லி விதை, சீரகம் சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். நெல்லிக்காய் அளவுப் புளி கடைசியில்தான். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். விடாமல் ஓட்டினால் பசையாகி, கடைந்த பருப்பின் பதம் போய்விடும்.

கரண்ட் அடுப்பில் இன்னொரு சங்கடம். சுவிட்சை அணைத்த பிறகும் தட்டு வெகுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும். விசில் வந்ததும் குக்கரைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தால்தான் அடி பிடிக்காது. இண்டக்‌ஷன் என்றால் ஊரிலிருந்து சுமந்து வந்த சாதாரண அலுமினியக் குக்கர் சூடாகவே ஆகாது. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அக்காவை நினைத்தால் சந்தகைதான் முன்னால் வருகிறது, வெந்த இட்லியை மிசினில் போட்டு இழையிழையாகப் பிழிகிற பலகாரம். இட்லி அரிசியை ஐந்து மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் குறைத்து வெண்ணெயாக அரைத்து, உப்புப் போட்டு, புளிக்க விடாமல் அப்போதே இட்லியாக ஊற்றிப் பதினைந்து நிமிடம் வேகவைப்பது. இதுவரைக்கும் யாருக்கும் தவறாது. பிழியும்போதுதான் தவறும். வெந்த மாவு சூடு ஆறினால் இறுகிவிடும். ஊரில் அடுத்தடுத்துப் போட்டுப் பிழிய நேரம் இருக்கும். இங்கே டிசம்பர் மாதத்துச் சமையலறையில் அந்த நேரம் கிடைப்பதில்லை. மிசினின் இரும்பே சில்லென்று இருந்து மாவின் சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே மிசினைக் கொதிதண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டுத் துடைத்து எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு இட்லிதான். மற்றவை மூடிய இட்லிச் சட்டியில் சிறு தீயிலேயே இருக்கட்டும். "பொறுமையா ரெண்டு ரெண்டாப் போடோணும் கண்ணு, மொத்தமா எடுத்து வெச்சா கை வலிக்கறதுதான் மிச்சம்" என்பார். இழை அறுந்து அறுந்து விழுந்தால் மாவு திப்பியாக அரைபட்டிருக்கிறது என்று அர்த்தம். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் தண்ணீர் கூடிவிட்டது.

தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பால். டப்பாப்பால் கெட்டியானது, ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலக்கலாம். வெல்லப்பாகை வடிகட்டி நன்றாக ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். சூடாக ஊற்றினால் திரிந்துவிடும்.

இட்லி மாவு புளிக்க, அடுப்பைப் போடாமல் ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவுப் போசியை உள்ளே வைத்தால் பன்னிரண்டு, பதினாலு மணி நேரத்தில் பொங்கும். ஓவன் திருகின் மேல் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது தெரியாமல் திருகிவிட்டால் மாவும் போய்ப் போசியும் போகும்.

கோயமுத்தூர் கிரைண்டரைக் கொண்டுவரலாமா என்று கேட்காத ஆள் இல்லை. பிரிட்டனில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ஊரில் இருப்பதேதான். பிளக்கை மாற்றினால் ஓடும். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அங்கே போகிறவர்கள் அந்த நாட்டுக்கென்று செய்த மாடலைக் கேட்டு வாங்க வேண்டும்.

அக்காவின் சந்தகை மிசின் எங்களிடம்தான் இருக்கிறது. அவர் இருந்தபோது கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்த மாதிரியே இனியும் கேட்கிறவர்களுக்குக் கொடுப்போம். திருப்பித் தரும்போது அச்சுக் கண்களில் ஒட்டிய மாவை ஊறவைத்து ஊசியால் குத்தி எடுத்து, ஈரம் போகத் துடைத்து, மரையில் கடலெண்ணெய் தடவித் தாருங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். அடுத்து வாங்குகிறவரால் கைப்பிடியைத் திருப்ப முடியாது.