பாதுகாப்பு அலுவலரிடம் போகும் முன்

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005 பற்றிப் பேசுகிறவர்கள் போலீஸையும் கோர்ட்டையும் சொல்வார்கள். நடுவில் நின்று வேலை செய்யும் சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலரை மறந்துவிடுவார்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாத பெண்ணுக்கு அவர்தான் முதல் வாசல். நேரடியாகப் போக முடியாதவர்கள் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம்.

அவர் செய்வதில் முக்கியமானது, படிவம் 1-ல் எழுதும் சம்பவ அறிக்கை. வழக்கு பெரும்பாலும் இங்கேதான் பலவீனமாகிறது. "அடிக்கடி அடிப்பார்" என்று மட்டும் எழுதினால் எதிர்த்தரப்பு எளிதாக மறுத்துவிடும். "தீபாவளிக்கு மறுநாள் இரவு, சமையலறையில், குக்கர் மூடியால் இடது முழங்கையில்" என்று எழுதினால் நிற்கும். தேதி நினைவில்லையா? பண்டிகை, பிள்ளையின் பரீட்சை, சம்பள நாள் என்று எதையாவது ஒட்டிச் சொல்லுங்கள். நல்ல அலுவலர் பொறுமையாகக் கேட்டு வாங்குவார். காயம் இருந்தால் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவதும் அவர் கடமை. கையெழுத்துப் போடுமுன் முழுவதையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கோர்ட்டுக்கு மனு கிடைத்த 3 நாளுக்குள் பொதுவாக முதல் விசாரணை என்கிறது சட்டம். கணவருக்கு கோர்ட் நோட்டீஸைச் சேர்ப்பிக்க வேண்டியவரும் இதே அலுவலர்தான், அதற்கு 2 நாள். கணவர் வேலை செய்யும் இடத்தின் முகவரியையும் கொடுங்கள். வீட்டு விலாசம் மட்டும் இருந்தால் "ஆள் இல்லை" என்று திரும்பி வந்து வாய்தா மேல் வாய்தா ஆகும்.

தங்க இடமில்லை என்றால் பெண்களுக்காக அரசு நடத்தும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் (One Stop Centre) 5 நாள் வரை இருக்கலாம். திரும்பக் கேட்க வேண்டிய நகை, சீர்ப் பொருள் பட்டியலை அங்கேயே உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.