கட்டிலின் கால்மாட்டில் ஒரு டாக்டர்

வார்டில் ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டால், சீனியர் டாக்டர் வழக்கமாகச் செய்யும் தவறு, மூச்சுக்குழாயில் டியூப் போட உதவும் லாரிங்கோஸ்கோப்பைத் தானே கையில் எடுப்பது. தொண்டைக்குள் குனிந்துவிட்டால் மானிட்டர் கண்ணில் படாது. ஆள் போதுமென்றால், தலைமை ஏற்பவர் எதையும் தொடாமல் கால்மாட்டில் நிற்க வேண்டும். பார்ப்பவர்களுக்குச் சும்மா நிற்பதாகத்தான் தோன்றும், தோன்றட்டும்.

இதயத்தை மீண்டும் துடிக்கவைக்கத் தரும் மருந்து அட்ரினலின். "யாராவது அட்ரினலின் போடுங்க" என்றால் ஒருவரும் போடமாட்டார், அல்லது இரண்டு பேர் போட்டுவிடுவார்கள். பெயரைச் சொல்லி, "1 மில்லிகிராம் ஐ.வி., போட்டதும் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும் (ஐ.வி. என்றால் ரத்தக்குழாய் வழியாக). அவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போட வேண்டும். "போட்டாச்சு, 10.42" என்றதும் இன்னொருவர் குறித்துக்கொள்வார். அடுத்த டோஸ் 3 முதல் 5 நிமிடத்தில்.

நெஞ்சை அழுத்துபவரை 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். "பரவாயில்லை சார், நானே பண்றேன்" என்பார், கேட்காதீர்கள். களைப்பு அவருக்கே தெரியாமல் ஆழம் 5 செ.மீ.க்குக் கீழே போய்விடும். ஆள் மாறும்போது அழுத்துவது நிற்கும் நேரம் 10 விநாடியைத் தாண்டக் கூடாது.

நம் வார்டுகளில் கடினமானது இதுதான்: "நான் எதையாவது விட்டுட்டேனா?" என்று சத்தமாகக் கேட்பது. பொட்டாசியம் 7 என்று, அதாவது இதயத்தையே நிறுத்தக்கூடிய அளவு என்று, லேபிலிருந்து வந்த போனை எடுத்தவர் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜனாக இருக்கலாம். கேட்காவிட்டால் அவர் வாய் திறக்கமாட்டார்.

மாதிரிப் பயிற்சியில் அந்த ஹவுஸ் சர்ஜனைக் கால்மாட்டில் நிறுத்துங்கள். பேராசிரியர் நெஞ்சை அழுத்தட்டும்.