வில்லுக்கு எந்த எண்ணெய்?

எங்கள் பட்டறைக்கு வில் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை பவுண்டு இழுவை, அதாவது நாணை இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதைத்தான். அடுத்ததாக, வில்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபடியே, இதற்கு என்ன எண்ணெய் பூசியிருக்கிறீர்கள், மழையில் நனைந்தால் தாங்குமா என்பார்கள். இரண்டாவது கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொன்னால் வியாபாரம் கெட்டுவிடும் என்று தோன்றும், ஆனால் கெடுவதில்லை. மரத்துக்குள் ஈரம் போவதையும் வருவதையும் எண்ணெய்ப் பூச்சு நிறுத்துவதில்லை. சற்றுத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. மேலே விழுந்த தூறல் ஊறுவதற்குள் துடைத்துவிட அது அவகாசம் தரும். காற்றிலிருக்கும் நீராவியைப் பொறுத்தவரையில் அந்த உதவியும் இல்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் நகரிலுள்ள அமெரிக்க வனப்பொருள் ஆய்வகம் பலவகைப் பூச்சுகளை ஒப்பிட்டு அளந்தபோது, ஆளிவிதை எண்ணெயும், டங் மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெயும் வரிசையின் கடைசியில்தான் நின்றன. உருக்கிய பாரஃபின் மெழுகும் எப்பாக்சிப் பிசினும் அரக்கு மெருகும் அவற்றை வெகுதூரம் விஞ்சியிருந்தன.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வில் செய்கிறவனுக்கு இது ஏட்டுச் செய்தியன்று. கடலோரமான எங்கள் ஊரில் கோடைக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அந்தக் காற்றில் கிடக்கும் மரத்தின் ஈரம் காலப்போக்கில் ஏறத்தாழ 16 சதவீதத்தில் போய் நிற்கும். இங்கிருந்து வில் வாங்கிச் செல்பவர்களில் பலர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்திலிருக்கும் ஜோகன்னஸ்பர்க்கையும் அதைச் சுற்றியுள்ள மேட்டு நிலத்தையும் சேர்ந்தவர்கள். அங்கே குளிர்காலப் பகல்களில் ஈரப்பதம் 30 சதவீதம் வரை இறங்கும். அப்படியே நீடித்தால் மரத்தின் ஈரம் 6 சதவீதத்துக்கு வந்துவிடும். வில்லுக்கு உகந்தது 8 முதல் 10 சதவீதம். ஈரம் கூடினால் வில் சோம்பிவிடும். நாணைக் கழற்றிய பிறகும் வளைந்தே நிற்கும், அம்பின் வேகம் குறையும். ஈரம் மிகவும் குறைந்தால் முதுகுப்புறத்தில், அதாவது வில்லாளிக்கு எதிர்ப்புறமாக இழுபடும் பக்கத்தில், நார் பிய்ந்து வில் முறியும். ஆகவே ஹிக்கரி மரத்தை நாங்கள் மேட்டு நிலத்து வாடிக்கையாளர்களுக்கே பரிந்துரைக்கிறோம். உலர்ந்த காற்றில் அதற்கு இணையில்லை, ஆனால் ஈரத்தை ஆவலோடு குடிக்கும் மரம் அது. கடற்கரையில் வசிப்பவருக்கு ஓசேஜ் ஆரஞ்சு மரமே மேல். இந்த முடிவுகளெல்லாம் எண்ணெய் டப்பாவைத் திறப்பதற்கு வெகுநாள் முன்பே எடுக்க வேண்டியவை. சூட்டுப்பெட்டியில் வைத்த மரத்தை அவ்வப்போது எடுத்து நிறுத்து, எடை குறைவது நின்ற பிறகே செதுக்கத் தொடங்குகிறோம். ஈரமாக இருந்த வில்லை எந்த எண்ணெயும் பின்னால் வந்து திருத்தாது.

அப்படியானால் எண்ணெய் எதற்கு என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்தவரை அதற்கு வலுவான காரணங்கள் உண்டு. வடக்கே லிம்போபோ மாகாணத்தில் வில்லோடு வேட்டைக்குப் போகிறவர்கள் பளபளப்பை விரும்புவதில்லை; வார்னிஷ் பூசிய வில்லை உயர்த்தும்போது வெயில் பட்டு மின்னினால் இம்பாலா மான் அங்கே நிற்காது. எண்ணெய் பூசிய மரம் மங்கலாகவே இருக்கும். அடுத்து, வில் என்பது ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் வளைந்து நிமிரும் பொருள். மேசைக்கென்று செய்த கடினமான மெருகு அதன் மேல் ஓடாகப் படிந்தால் நாளடைவில் வில்லாளியைப் பார்த்திருக்கும் வயிற்றுப்புறத்தில் மயிர்க்கோடுகளாக விரிசல் விடும், மரம்தான் நொறுங்குகிறதோ என்று உரியவர் அஞ்சும்படி. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது: முள்ளில் உரசியோ கல்லில் இடித்தோ பூச்சு கெட்டால், எண்ணெய் பூசிய வில்லை உரியவரே தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம். வார்னிஷ் என்றால் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

எந்த எண்ணெய் என்பதில் நம்மவர்களிடம் நான் அடிக்கடி விளக்க வேண்டியிருக்கிறது. டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வர்த்திலிருந்து வரும் வாடிக்கையாளர்கள், கதவுக்கும் உலக்கைக்கும் தாத்தா காலத்திலிருந்து தேங்காய் எண்ணெய்தானே தடவினோம், வில்லுக்கு ஏன் கூடாது என்பார்கள். தடவிய அன்று மரம் அழகாகவே தோன்றும். ஆனால் தேங்காய் எண்ணெய் காற்றில் ஒருபோதும் இறுகாது. அதன் கொழுப்பமிலங்களில் 90 சதவீதம் போலத் தெவிட்டிய வகை, பிராணவாயுவோடு பிணைந்து கண்ணியாவதற்கு அவற்றில் இடமில்லை. விளக்கெண்ணெயும் அப்படியே இறுகாது. நல்லெண்ணெய் அரைகுறையாக உலர்ந்து பிசுபிசுப்போடு நின்று, தூசியைச் சேர்த்துக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெயும் டங் எண்ணெயும் வேறு இனம்: அவை நீரைப்போல ஆவியாகி உலர்வதில்லை, காற்றிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து, திரவ நிலையிலிருந்து திடப்பொருளாக மாறுகின்றன. புதுத் தோசைக்கல்லை எண்ணெய் தடவித் தடவிச் சூடேற்றிப் பழக்கும்போது அதன் மேல் கரும்படலம் ஒன்று பிடிக்கிறதே, ஏறக்குறைய அதே வேலைதான் இங்கே அடுப்பில்லாமல் மெதுவாக நடக்கிறது.

இந்த இரண்டில் ஆளிவிதை எண்ணெய் மலிவு, எங்கும் கிடைக்கும், மரத்துக்குத் தேன்நிறம் தரும். காலப்போக்கில் இன்னும் மஞ்சளாகும். பச்சை எண்ணெயாக வாங்கினால் உலர்வதற்கு நாள்கணக்கில், எங்கள் மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் பூஞ்சணம் பிடிக்கும், ஏனெனில் ஆளிவிதை எண்ணெய் பூஞ்சைக்கு உணவு. ஆகவே கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகள் சேர்த்து விரைவில் உலரும்படி ஆக்கப்பட்ட வகையையே உபயோகிக்க வேண்டியிருக்கிறது. டங் எண்ணெய் விலை கூடியது. நீரை அதைவிட நன்றாகத் தாங்கும், அதிகம் மஞ்சளாகாது, பூஞ்சணத்துக்கும் அவ்வளவாக இடம்கொடுக்காது. ஆனால் கனமாகப் பூசினால் சுருக்கம் விழுந்து மங்கிப்போகும். 'டங் எண்ணெய் மெருகு' என்று விற்கப்படும் டப்பாக்களில் பலவற்றில் இருப்பது கரைப்பானில் கலந்த வார்னிஷ்தான் என்பதால், முகப்பை நம்பாமல் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளைப் படித்துவிட்டே வாங்குகிறேன். துப்பாக்கிக் கட்டைகளுக்கென்று முன்னரே ஓரளவு இறுகவைத்த ஆளிவிதை எண்ணெய்க் கலவைகளும் கிடைக்கின்றன. அவசர வேலைக்கு அவை நல்லவை, ஒரே நாளில் இரண்டு பூச்சு முடித்துவிடலாம். ஆனால் பல தடவை ஏறினால் அவையும் பளபளக்கத் தொடங்கும். என் தேர்வு தூய டங் எண்ணெய்தான், பொறுமை இருக்கும் வாடிக்கையாளருக்கு.

பூசும் வேலை, வில்லின் இரு கைகளும் ஒரே சீராக வளையும்படி செதுக்கி முடித்து, சில நூறு அம்புகள் எய்து பார்த்த பிறகே தொடங்குகிறது. எண்ணெய் ஏறிய மரத்தில் மறுபடி செதுக்க நேர்ந்தால் திட்டுத்திட்டாக நிற்கும். பிடியில் தோல் ஒட்டுவதாக இருந்தால் அந்த இடத்தை முன்னதாகவே நாடாவால் மறைத்துவிட வேண்டும், எண்ணெய் பட்ட மரத்தில் பசை பிடிக்காது. 180, பிறகு 220, பிறகு 320 எண் உப்புத்தாளால் நாரின் போக்கிலேயே தேய்த்து, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்கும். அவை காய்ந்ததும் கடைசித் தாளால் மெதுவாக நீவிவிட வேண்டும். முதுகுப்புறத்தில் மட்டும் கை அளவோடு இருக்க வேண்டும், வளர்ச்சி வளையத்தை அறுத்துவிட்டால் வில்லின் உயிரே போய்விடும்.

முதல் பூச்சை டர்பன்டைனோடு சரிபாதி கலந்து தாராளமாகத் தடவுகிறேன். நாண் மாட்டும் நுனிகளில் நாரின் வாய் திறந்திருப்பதால் மற்ற இடங்களைவிட அங்கே பலமடங்கு குடிக்கும். குடிப்பது நிற்கும்வரை திரும்பத் திரும்ப வைக்க வேண்டும். இருபது நிமிடம் கழித்து, ஊறாமல் மேலே நிற்பதையெல்லாம் துணியால் முற்றிலும் துடைத்தெடுக்க வேண்டும். இந்தத் துடைப்புதான் வேலையின் பெரும்பகுதி. கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டுமே என்று விட்டுவைத்தால், விட்டது அனைத்தும் பசையாகி நிற்கும். அடுத்த பூச்சுக்கு நாள்கணக்கு பார்ப்பதைவிட மூக்கை நம்புவது நல்லது: எண்ணெய் வாசனை அடங்கி, விரல் வழுக்கலோடு ஓடாமல் உலர்ந்து ஓடினால் தயார். எங்கள் குளிர்காலமான ஜூன், ஜூலையில் அது ஓரிரு நாளில் நடக்கும். ஜனவரியின் புழுக்கத்தில் நடக்காது. பின்வரும் பூச்சுகள் உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்க்கும் அளவே. நான்கைந்து பூச்சுக்குப் பின் ஒரு மாதம் தொங்கவிட்டு, இறுதியில் தேன்மெழுகு தடவித் துணியால் மெருகேற்றினால் முடிந்தது.

எங்களோடு வேலைசெய்யும் மூத்தவர் ஒருவர் இதை இன்னும் ஒப்புக்கொள்வதில்லை. டர்பனின் கிளேர்வுட் பக்கத்து நாற்காலித் தொழிற்சாலைகளில் அரக்கு மெருகு போட்டே கை பழகியவர் அவர். "தம்பி, ஈரம்தான் ஒனக்கு எதிரின்னா அரக்க வச்சு அடைச்சுட்டுப் போயேன், எதுக்கு இந்த எண்ணெ?" என்பார். ஈரத்தைத் தடுப்பதில் அவர் சொல்வதே சரி, மாமா என்று நானும் சொல்லியிருக்கிறேன். மூங்கில் முதுகு வைத்த வில்களில் அவர் பேச்சுதான் நடக்கிறது. மூங்கிலின் வெளித்தோல் மெழுகுப் பூச்சுள்ளது, எண்ணெய் அதில் இறங்குவதே இல்லை, அரக்கை மெல்லிதாக இரண்டு தடவை விட்டால் பிடித்துக்கொள்கிறது. விலங்குத் தசைநார் ஒட்டிய முதுகுக்கும் அப்படியே. மற்ற வில்களில் அரக்கு மெல்லிய ஓடாகவே நிற்கிறது, வியர்வைக்கையும் சாராயம் கலந்த சுத்திகரிப்பானும் பட்டால் வெளுத்துப்போகிறது என்பது என் வாதம். இருவரும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை: கந்தல் துணி. இறுகும்போது வெப்பம் விடுகிற எண்ணெய் இது. துணியைக் கசக்கி மூலையில் போட்டால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரி 23 அன்று பிலடெல்பியாவில் 38 மாடிகள் கொண்ட ஒன் மெரிடியன் பிளாசா கட்டடத்தின் 22ஆம் மாடியில், மரவேலைக்காரர்கள் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகளிலிருந்து கிளம்பிய தீயில் 3 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். மரத்தூளும் சுருள்சீவல்களும் நிறைந்த எங்கள் பட்டறைக்கு அந்தச் சான்றே போதும். துணிகளை வெளிக்கம்பியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவைப்போம். அதற்கு நேரமில்லாத நாளில் தண்ணீர் நிறைந்த, மூடியுள்ள இரும்பு டப்பாவுக்குள் போகும்.

வில்லோடு இப்போது ஒரு துண்டுத்தாளும் கொடுக்கிறோம். எய்து முடித்ததும் நாணைக் கழற்றுக. காரின் பின்பெட்டியில் விடாதீர்கள். ஈரமான வண்டிக்கொட்டகையின் சுவரில் சாத்தாமல் வீட்டுக்குள் படுக்கைவாட்டில் வைக்கவும். ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலத்தில், சில துளி எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துவிடவும். மேட்டு நிலத்துக்குப் போகும் வில்லாக இருந்தால் கூடுதலாக ஒரு வரி உண்டு: சென்று சேர்ந்ததும் இரண்டு வாரம் எய்யாமல் வைத்திருந்து, அந்தக் காற்றுக்கு மரம் பழகிய பின் முதல் சில நாள்கள் முழு நீளம் இழுக்காமல் பழகவும்.