பால், மீன் இல்லாத வீட்டுக்குத் தொண்ணூறு நாள் உணவு: இருபத்தொரு மாதக் குறிப்பு

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுதாவளையில், கடலுக்கும் பிரதான வீதிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான வளவொன்றில் அம்மா, மனைவி, மகள், நான் என நால்வர் வாழ்கிறோம். மச்சத்தை மட்டுமல்லாமல் பாலையும் முட்டையையும் நாங்கள் விட்டு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளி, 2004 டிசம்பர் 26இன் கடற்கோள், 2011 ஜனவரி வெள்ளம், 2022இன் எரிவாயுத் தட்டுப்பாடு என்று எங்கள் கரை கண்ட ஒவ்வோர் இடரிலும் கருவாடும் ரின்மீனும் பால்மாவும்தான் அயலைத் தாங்கின. நிவாரணப் பொதி வந்தாலும் அதிலும் பெரும்பாலும் அவை இருக்கும். ஆகவே எங்களைப் போன்ற வீடு தனக்குரியதைத் தானே முன்கூட்டிச் சேர்த்து வைக்காவிட்டால், வெறுஞ்சோறும் சீனியும்தான் மிஞ்சும். இந்த எண்ணத்தோடு 2023 மார்ச்சில், பெரும்போக அறுவடை முடிந்த கையோடு இந்த வேலையைத் தொடங்கினேன். அறுவடைக் காலத்தில் வாங்கியது வேண்டுமென்றே செய்ததாகும். தட்டுப்பாடு வந்தபின் கடையில் அள்ளிக் குவிப்பது இன்னொருவரின் அன்றாட அரிசியை எடுப்பதாகிவிடும்.

முதலில் கணக்கு. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு அரிசி 350 கிராம், பருப்பு அல்லது பயறு வகை 100 கிராம், எண்ணெய் 30 மில்லிலீற்றர், கச்சான் (நிலக்கடலை) 30 கிராம், சர்க்கரை 30 கிராம் என்று வைத்தேன். இது ஏறக்குறைய 2,100 கலோரியும் 55 கிராம் அளவு புரதமும் தரும். நால்வருக்குத் தொண்ணூறு நாள் என்றால் அரிசி 126 கிலோ, பருப்பு வகை 36 கிலோ, எண்ணெய் 11 லீற்றர், கச்சானும் சர்க்கரையும் தலா 11 கிலோ. எழுதிப் பார்த்தபோது மலைப்பாக இருந்தாலும், நான்கு மாதங்களில் சிறிது சிறிதாக வாங்கியபோது குடும்பச் செலவு தடுமாறவில்லை.

அரிசியில்தான் முதல் முடிவை மாற்ற வேண்டி வந்தது. நாங்கள் உண்பது தவிடு நீக்காத சிவப்பு அரிசி. தவிட்டில் எண்ணெய் இருப்பதால், எங்கள் வெக்கையில் ஐந்தாறு மாதத்தில் காறல் மணம் வந்துவிடும். அரிசியை நெடுங்காலம் வைக்க வேண்டுமென்றால் தீட்டிய வெள்ளை அரிசிதான் என்று பலர் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் தவிட்டோடு போகும் சத்தை வேறெங்கே தேடுவது என்ற கேள்வி பருப்பையும் கீரையையும் நம்பியிருக்கும் வீட்டுக்குப் பெரிது. இதைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா திண்ணையில் இருந்தபடியே, "நெல்லா வெச்சாக் கிடக்கும் மனே, அரிசியாக்கினா வண்டுக்குத்தான்" என்றார். உமி என்பது வண்டு எளிதில் துளைக்க முடியாத உறை. உள்ளே தவிடும் காற்றுப் படாமல் இருக்கிறது. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்யும் மச்சானிடம் 100 கிலோ சிவப்பு நெல் எடுத்தேன். குற்றினால் அதில் 65 கிலோ அளவு அரிசி வரும். மீதி 60 கிலோவைப் புழுங்கல் அரிசியாக வாங்கினேன். நெல்லை அவிக்கும்போது தவிட்டின் கொழுப்பைச் சிதைக்கும் நொதி செயலிழந்துவிடுவதால், புழுங்கல் அரிசி பச்சை அரிசியை விடக் காறல் வராமல் நெடுநாள் நிற்கிறது.

முழுவதையும் நெல்லாகவே வைக்காததற்குக் காரணம் உண்டு. வெள்ளத்தில் மின்சாரம் நின்றால் மில்லும் நிற்கும். அம்மாவின் உரலும் உலக்கையும் இன்னும் வீட்டில் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் நானும் மாறி மாறிக் குற்றி, புடைத்து, ஒரு நேரச் சோற்றுக்கு வேண்டிய அரிசியை எடுக்க முற்பகல் முழுவதும் போயிற்று. கையில் கொப்புளத்தோடு அன்று எழுதிய குறிப்பு: அரிசி முதல் ஆறு கிழமைக்கு, நெல் அதற்குப் பின்னால்.

நெல் போதிய அளவு காய்ந்ததா என்று பார்க்க ஈரமானி என்னிடம் இல்லை. உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் ஒரு பிடி நெல்லும் ஒரு கரண்டி வறுத்து ஆறவைத்த உப்பும் இட்டு, மூடி, நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் விட்டுப் பார்த்தேன். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் உதிர்ந்தால் வைக்கலாம். முதல் நாள் ஒட்டியது. இன்னும் இரண்டு நாள் பாயில் பரப்பிக் காயவைத்தபின் உப்பு பொலபொலவென்று அடியில் விழுந்தது.

இனி, நான் மிக வருந்திய இடம். மார்ச்சில் கௌபி (காராமணி) 12 கிலோ வாங்கி, அன்றே வேப்பிலையும் செத்தல் மிளகாயும் இட்டு, மூடி இறுகிய வாளியில் வைத்தேன். மே மாதக் கடைசியில் திறந்தபோது உள்ளே கையை விட்டேன். தானியம் சூடாக இருந்தது. கொழுத்த மாவு மணம் வந்தது. ஒரு பிடியை வெள்ளைத் துணியில் கொட்டிப் பார்த்தால், ஏறக்குறைய ஒவ்வொரு மணியின் தோலிலும் ஊசிமுனையளவு வெள்ளைப் பொட்டுகள் ஒட்டியிருந்தன. பலவற்றில் பொறி வைத்ததுபோல் வட்டத் துளை. துளைக்குள்ளிருந்து மண்ணிற வண்டுகள் துணியில் இறங்கி ஓடின. பயறு வண்டு கடையில் மட்டும் வந்து சேர்வதல்ல. வயலில் காய் முற்றும்போதே முட்டை இட்டுவிடுகிறது. நாங்கள் வாங்கி மூடுவது முட்டையோடு கூடிய தானியத்தை. எங்கள் வெப்பத்தில் ஒரு தலைமுறை ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும், ஒவ்வொரு பெண் வண்டும் பல பத்து முட்டைகள் இடும். அப்படியிருக்க, வேப்பிலை வெளியிலிருந்து வரும் வண்டைத் தயங்க வைக்குமே தவிர, மணிக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. பன்னிரண்டு கிலோவில் ஏழு கிலோவை அயல்வீட்டுக் கோழிகளுக்குக் கொடுத்தேன்.

மீதியைக் காப்பாற்றத் தென்மேற்கிலிருந்து வீசும் வெப்பமான கச்சான் காற்று உதவியது. ஆனி மாதத்து நடுப்பகலில், முற்றத்தில் சாக்கை விரித்து அதன்மேல் கறுப்புப் பொலித்தீன் தாளைப் போட்டு, கௌபியை விரலளவு தடிப்பில் பரப்பி, மேலே கண்ணாடிபோன்ற பொலித்தீனால் மூடி, ஓரங்களில் கல் வைத்தேன். உள்ளே வைத்த வெப்பமானி ஒரு மணி நேரத்தில் 60 பாகையைத் தாண்டியது. 57 பாகையில் ஒரு மணி நேரம் இருந்தாலே முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என எல்லா நிலைகளும் இறந்துவிடும். நான் பாதுகாப்புக்காக மூன்று மணி நேரம் விட்டேன். வெறும் வெயிலில் பரப்பினால் வண்டு ஓடிவிடும், உள்ளே இருக்கும் புழு தப்பிவிடும். மூடிய வெப்பம்தான் வேலை செய்கிறது. அன்று முதல் வீட்டுக்கு வரும் பயறு, கௌபி, கொண்டைக்கடலை எதுவும் இந்தக் குளிப்புக் குளிக்காமல் வாளிக்குள் போவதில்லை. மாரியில் வாங்க நேர்ந்தால் சிறு பொதிகளாகக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் ஒரு கிழமை வைக்கிறேன். வெளியே எடுத்த பொதியை, குளிர் முழுவதும் விட்டபின்தான் அவிழ்க்க வேண்டும். இல்லையேல் காற்றின் ஈரம் தானியத்தின் மேல் வியர்த்து, பூஞ்சணம் பிடிக்கும்.

வெப்பம் காட்டியபின் கிலோவுக்கு 5 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெய் தேய்த்து வைத்தேன். எண்ணெய்ப் பூச்சு முட்டை மூச்சு விடுவதைத் தடுக்கிறது. பிளந்த பருப்பில் இந்தக் கவலை மிகக் குறைவு, ஏனெனில் வண்டு முட்டையை ஒட்ட விரும்புவது முழு மணியின் வழவழப்பான தோலில்தான். அதனால் 36 கிலோவில் 20 கிலோவை மைசூர்ப் பருப்பாகவும் பிளந்த பயறாகவும் மாற்றிவிட்டேன்.

வாளியை மூடுமுன் உள்ளே மெழுகுதிரி ஏற்றி வைத்தால் ஒட்சிசன் எரிந்துபோகும் என்று சிலர் சொன்னதைச் செய்தும் பார்த்தேன். சுடர் அணைந்தது உண்மை. ஆனால் மெழுகுதிரி 16 சதவீத அளவிலேயே அணைந்துவிடுகிறது. பூச்சியைக் கொல்ல அதைவிட மிகவும் கீழே இறங்க வேண்டும். இரும்புத்தூள் அடங்கிய ஒட்சிசன் உறிஞ்சும் பொதிகள்தாம் அதைச் செய்யும். அவற்றைக் கொழும்பிலிருந்து வருவித்து, காற்றுப் புகாத அலுமினிய உறைகளில் அரிசியோடு இட்டேன். மறுநாள் காலை உறைகள் உள்வாங்கி அரிசியோடு ஒட்டிக் கல்லுப்போல் கிடந்ததைக் கண்டபோது அடைந்த மகிழ்ச்சி பெரிது. அவை இருக்கும் அறை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். வெப்பம் ஐந்தாறு பாகை கூடும்போதெல்லாம் உணவின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது. எங்கள் ஓட்டுக் கூரைக்குக் கீழுள்ள பரணில் பிற்பகல் வெப்பம் 38 பாகை காட்டியதால், எல்லாவற்றையும் வடக்குப் பக்க அறைக்கு மாற்றி, வெள்ளம் வந்தாலும் நனையாதபடி இடுப்பளவு உயர வாங்குகளில் ஏற்றினேன்.

கொண்டைக்கடலையைப் பற்றிய பாடம் ஒன்பதாம் மாதத்தில் வந்தது. சேமித்த கடலையை இரவு முழுவதும் ஊறவைத்து ஒன்றரை மணி நேரம் அவித்தும் மையம் கல்லாகவே இருந்தது. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நாட்பட்ட கடலை வேகாத தன்மையைப் பெறுகிறது. பூச்சி இல்லாததால் மட்டும் அது நல்ல கடலை ஆகிவிடாது. ஊறவைக்கும் தண்ணீரில் கால் தேக்கரண்டி அப்பச்சோடா இட்டபோது அவிந்தது. எரிபொருள் இல்லாத நாளில் இவ்வளவு நேரம் அடுப்பெரிப்பது முடியாத காரியம் என்பதால், கடலையை மூன்று கிலோவாகக் குறைத்து, எட்டு மாதத்துக்குள் உண்டு முடித்துப் புதியது வைக்கிறேன்.

எரிபொருளுக்கு எங்கள் வீட்டில் செய்தது எளியது. பருப்பைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடிய பானையை வைக்கோல் அடைத்த மரப்பெட்டிக்குள் வைத்துச் சாக்கால் போர்த்திவிட்டால், ஒன்றரை மணி நேரத்தில் மைசூர்ப் பருப்பு தானே குழைந்துவிடுகிறது. சிரட்டையும் பொச்சுமட்டையும் மூன்று சாக்கு சேர்த்திருக்கிறோம். அடுப்பே எரிக்க முடியாத நாளுக்கு அவல் எட்டுக் கிலோ இருக்கிறது. அதில் தண்ணீர் தெளித்து, சர்க்கரையும் கச்சானும் சேர்த்தால் ஒரு நேர உணவாகிவிடும்.

வாளிகளால் தர முடியாதவை சில உள்ளன. பி12 உயிர்ச்சத்து எந்தத் தானியத்திலும் இல்லை. வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் வேண்டும் என்பதால், தாவர உணவை மட்டும் உண்ணும் வீட்டில் மாத்திரை என்பது சேமிப்பின் ஒரு பகுதியே. அதை அரிசிக்குச் சமமாக மதிக்கிறேன். அயடீன் சேர்த்த உப்பை ஈரம் படாத போத்தலில் ஆறு கிலோ வைத்துள்ளோம். உயிர்ச்சத்து 'சி'க்காகப் பயற்றை முளைக்க வைக்கிறோம். முருங்கை இலையை நிழலில் காயவைத்துப் பொடித்து வைத்தது அம்மாவின் வேலை. கச்சானை உடைக்காமல் தோலோடு வைக்கிறோம். பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய, கசக்கும் பருப்பு எதையும் வறுத்தும் உண்பதில்லை, ஏனென்றால் அதிலுள்ள நஞ்சு வறுப்பதால் முழுவதும் போகாது. பொதியின் பின்புறத்தையும் வாசிக்க வேண்டும்: தேங்காய்ப்பால் மா பலவற்றில் பாற்புரதம் கலந்திருக்கிறது. கடையில் வாங்கும் மோர் மிளகாயும் எங்களுக்கு ஆகாது. மனைவி தேசிக்காய்ச் சாற்றிலும் உப்பிலும் ஊறவைத்துக் காயவைத்த மிளகாய் அதைவிடச் சுவையாகவே இருக்கிறது.

2024 நவம்பர் கடைசி வாரத்து மழையில் எல்லாம் சோதிக்கப்பட்டன. எங்கள் ஒழுங்கையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது, மின்சாரமும் இல்லை. நவம்பர் 26 முதல் டிசம்பர் 4 வரை ஒன்பது நாட்கள் வாளிகளிலிருந்தே உண்டோம். பின்வளவு அக்காவின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததால் அவர்கள் மூவரும் இரண்டு நாள் எங்களோடு இருந்தார்கள். அரிசி 13 கிலோ போயிற்று. நான் போட்ட கணக்கை விட ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைவு. பருப்பு வகை கணக்கை விட அதிகமாகப் போயிற்று, ஏனெனில் மீன் இல்லாத சோற்றுக்குப் பருப்புக் கறிதான் துணை என்று அக்கா வீட்டார் இரட்டிப்பாக உண்டார்கள். "தம்பி, இந்தக் கறிக்கு மாசி போடல்லயா?" என்று மாசிக் கருவாட்டை நினைத்து அக்கா கேட்டபோது, போடவில்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை, பழப்புளியும் வறுத்த எள்ளும் செய்த வேலை அது.

முதலில் தீர்ந்தது தண்ணீர். கிணற்றுக்குள் வெள்ளம் இறங்கியது. கொதிக்கவைத்து வைத்திருந்த 60 லீற்றர் நான்காம் நாள் மாலையே முடிந்து, அதன்பின் மழைநீரை ஏந்திக் கொதிக்கவைத்தோம். அதனால் சிரட்டையும் இரண்டு மடங்கு எரிந்தது. ஆகவே இவ்வாண்டு நெல்லைக் கூட்டவில்லை. இரண்டு 200 லீற்றர் பரல்களைப் பீலிக்குக் கீழே பொருத்தியிருக்கிறேன். சிரட்டைச் சாக்குகளை ஆறாக உயர்த்தி, கூரைக்குக் கீழே தொங்கவிட்டிருக்கிறேன். எடுத்த பருப்பின் இடத்தில் மைசூர்ப் பருப்பு ஐந்து கிலோ போட்டாயிற்று. கௌபி வாளி மட்டும் வெறுமையாக இருக்கிறது. மாசி மாதத்தில் புதுக் கௌபி வந்து, அதற்குப் பிறகு வெயில் ஏறும் வரை அது அப்படியே இருக்கும்.